குருதி சொல்லும் சேதி, மூச்சு சொல்லும் சேதி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் விடுப்பெடுத்திருந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, கண்கள் சிவந்து, தலைகூடச் சரியாக வாராமல் வகுப்பிற்கு வந்தாள். என்னவென்று கேட்டோம். "தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நிமோனியாவாம். சனிக்கிழமை இரத்தத்தில் ஏதோ ஒன்று ஒன்பது இருந்தது. திங்கட்கிழமை அதே தொண்ணூற்றிரண்டு ஆகிவிட்டது. அம்மா அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அழுகிறாள்" என்றாள். தம்பிக்கு வயது பத்தே மாதம்.

எங்களுக்கு அவளை எப்படித் தேற்றுவதென்றே தெரியவில்லை. ஒன்பது என்றால் என்ன? தொண்ணூற்றிரண்டு என்றால் என்ன? அந்த எண் பெரிதானால் குழந்தைக்கு ஆபத்தும் பெரிதா? எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. உயிரியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சென்று கேட்டோம். அவர்கள், நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் தாயாரான குழந்தை மருத்துவரை அறிவியல் மன்றக் கூட்டத்திற்கு அழைத்தார்கள். அவர் ஒன்றரை மணி நேரம் எங்களுடன் இருந்து, நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடையளித்தார். அவர் கூறியவற்றையும், அதன்பின் நாங்கள் தேடிப் படித்தவற்றையும் தொகுத்து இங்கே தருகிறோம். இதைப் படிப்பவர்களுள் தாய்மார்களும், தம்பி தங்கையரை இடுப்பில் சுமக்கும் அக்காமார்களும் பலர் உண்டல்லவா?

நிமோனியா என்றால் என்ன?

நமது நுரையீரலுக்குள் மூச்சுக் குழாய் மரக்கிளை போலக் கிளைகிளையாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு சிறு கிளையின் முனையிலும் திராட்சைக் குலை போன்ற காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயு, இந்த நுண்ணறைகளின் மெல்லிய சுவரைக் கடந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. கிருமிகள் உள்ளே புகுந்து அங்கே அழற்சியை உண்டாக்கினால், காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைகின்றன. பிராணவாயு இரத்தத்தை அடைவது தடைப்படுகிறது. இதுவே நிமோனியா. நம் பாட்டிமார் 'நெஞ்சுச் சளி', 'இளைப்பு' என்று சொல்வதில் சில வேளைகளில் இதுவும் அடங்கும்.

இது சாதாரண நோயன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதிற்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர். அந்த வயதில் இறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இந்த நோயினால் இறந்தவர்கள்.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பலவகை. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா 'பி' முதலியவை பாக்டீரியாக்கள். ஆர்.எஸ்.வி. எனப்படும் சுவாச வைரஸ், இன்ஃபுளுயன்சா வைரஸ் முதலியவை வைரஸ்கள். பாக்டீரியாவை அழிக்க ஆன்டிபயாடிக் மருந்து உண்டு. வைரஸிடம் அந்த மருந்து செல்லாது. ஆகவே மருத்துவர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று: இது எந்த வகைக் கிருமி? மற்றொன்று: இந்தக் குழந்தைக்கு நோய் எவ்வளவு கடுமை? இவ்விரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் சாரமே இதில்தான் இருக்கிறது.

இரத்தத்தை ஏன் கேட்க வேண்டும்?

'நோய் நுரையீரலில்தானே இருக்கிறது? அங்கேயே பார்த்துவிடலாமே' என்று நாங்கள் கேட்டோம். மருத்துவர் சிரித்தார். நுரையீரலின் ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பது எளிதன்று. பெரியவர்கள் காறிச் சளியைத் துப்பிக் கொடுப்பார்கள். கைக்குழந்தையோ சளியை விழுங்கிவிடும். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம் என்றால், நிமோனியா வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒரு சிலரின் இரத்தத்தில்தான் கிருமி அகப்படுகிறது. அதுவும் வளர்வதற்கு ஓரிரு நாட்கள் ஆகும்.

ஆகவே மருத்துவர்கள் கிருமியை நேரே பிடிக்க முடியாதபோது, கிருமியைக் கண்டு நம் உடல் எழுப்பும் கூக்குரலைக் கேட்கிறார்கள். திருடனை யாரும் பார்க்கவில்லை. ஆனால் தெரு நாய் குரைத்தது என்பதுபோல. அந்தக் குரல்களில் சில இரத்தத்தில் தெரிகின்றன. அவற்றைத்தான் இரத்தக் குறியீடுகள் என்கிறோம்.

முதல் சாட்சி: சி.ஆர்.பி.

தோழியின் அம்மா கையில் வைத்திருந்த எண் இதுதான். இதன் வரலாறு சுவையானது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் நிலையத்தில், ஆஸ்வால்ட் ஏவரி என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த, 'சி' என்று பெயரிடப்பட்ட ஒரு சர்க்கரைப் பொருளை நோயாளியின் இரத்த நீருடன் கலந்தபோது அது வீழ்படிவாகத் திரண்டது. நோய் தணிந்தபின் அதே நோயாளியின் இரத்தத்தை எடுத்துக் கலந்தால் அப்படித் திரளவில்லை. நோய்க்காலத்தில் மட்டும் தோன்றி மறையும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தனர். அதுவே பின்னர் 'சி ரியாக்டிவ் புரோட்டீன்', சுருக்கமாக சி.ஆர்.பி. என்று பெயர் பெற்றது. இதே ஏவரியின் ஆய்வுக்கூடம்தான் 1944இல், மரபுப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ. என்பதை அதே நியூமோகாக்கஸைக் கொண்டு காட்டியது. நம் உயிரியல் பாடத்தில் வரும் பெரிய உண்மைகளுக்கு நிமோனியாக் கிருமி இப்படி உதவியிருக்கிறது.

சி.ஆர்.பி. என்பது கல்லீரலில் உற்பத்தியாகும் ஒரு புரதம். உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் அங்குள்ள செல்கள் கல்லீரலுக்குச் செய்தி அனுப்புகின்றன. கல்லீரல் உடனே இப்புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. நலமாக இருப்பவரின் ஒரு லிட்டர் இரத்த நீரில் இது பொதுவாக 10 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். கடும் தொற்றில் நூறு, இருநூறு என்று ஏறும்.

ஆனால் இங்கே காலம் என்பது மிக முக்கியம். அழற்சி தொடங்கிச் சுமார் ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். உச்சத்தை அடையச் சுமார் இரண்டு நாட்கள் ஆகும். அழற்சி அடங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இதைக் கேட்டவுடன் எங்கள் தோழி எழுந்து நின்றாள். அவளுடைய தம்பிக்கு மூன்று நாட்களாகச் சளி. சனிக்கிழமை விடியற்காலையில்தான் காய்ச்சல் தொடங்கியது. அன்று முற்பகலிலேயே இரத்தம் எடுத்தார்கள். அப்போது ஒன்பது. "பத்துக்குக் கீழேதானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று அக்கம்பக்கத்தார் தைரியம் சொன்னார்கள். வீட்டிலும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். உண்மையில் நடந்தது என்ன? கூக்குரல் எழும்பு முன்னரே காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். "முதல் சில மணி நேரத்தில் எடுத்த ஒரு சோதனையின் நல்ல எண்ணை நம்பி யாரும் தூங்கிவிடக் கூடாது" என்றார் மருத்துவர்.

இரண்டாம் சாட்சி: புரோகால்சிடோனின்

நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் உண்டாகிறது. அதன் மூலப்பொருள் புரோகால்சிடோனின், 116 அமினோ அமிலங்களைக் கொண்டது. நலமாக உள்ளவரின் இரத்தத்தில் இது இருப்பதே தெரியாது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவு. கடுமையான பாக்டீரியாத் தொற்று வந்தாலோ, தைராய்டு மட்டுமன்றி உடலின் பல உறுப்புகளும் இதை வெளியிடத் தொடங்குகின்றன.

1993இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், தொற்று என்ற ஐயத்துடன் மருத்துவமனைக்கு வந்த 79 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து இதை வெளிப்படுத்தினர். கடும் பாக்டீரியாத் தொற்று இருந்த 19 குழந்தைகளிடம் இது 6 முதல் 53 நானோகிராம் வரை ஏறியிருந்தது.

இது சி.ஆர்.பி.யைவிடச் சுறுசுறுப்பானது. நான்கு மணி நேரம் அளவிலேயே ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சம் காண்கிறது. வைரஸ் தொற்றில் பொதுவாக அதிகம் ஏறுவதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 532 நிமோனியாக் குழந்தைகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 0.1 நானோகிராமுக்குக் கீழே இருந்த ஒரு குழந்தையிடமும் வழக்கமான பாக்டீரியாக்கள் காணப்படவில்லை. 'இல்லை' என்று சொல்வதற்கு இது நல்ல சாட்சி என்று இதனால் தெரிகிறது. இதன் விலை சி.ஆர்.பி.யைவிட அதிகம். எல்லா ஊர்களிலும் இச்சோதனை கிடைப்பதில்லை.

மற்றச் சாட்சிகள்

வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகப் பழைய சோதனை. பாக்டீரியாத் தொற்றில் வெள்ளை அணுக்கள், சிறப்பாக நியூட்ரோஃபில் வகை, பெருகும். ஆனால் குழந்தைகளில் வைரஸ் தொற்றிலும் பெருகலாம். அழுதாலும், அச்சத்திலும்கூடச் சற்று உயரலாம். மிகக் கடுமையான தொற்றில் மாறாகக் குறைந்தும் போகலாம்!

ஈ.எஸ்.ஆர். என்பது, நிறுத்திவைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் படிகின்றன என்று அளப்பது. இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சோகை இருந்தாலும் மாறும். ஆகவே அவசர நேரத்தில் அதிகம் உதவுவதில்லை.

லாக்டேட் என்பது, செல்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாதபோது இரத்தத்தில் சேரும் பொருள். விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓடி முடிக்கும்போது நம் இரத்தத்திலும் இது ஏறும். பின் தானே இறங்கும். படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு இது ஏறியிருந்தால், உடல் மூச்சுக்குத் தவிக்கிறது அல்லது இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே இது நோயின் கடுமையைப் பற்றிப் பேசும் சாட்சி.

இரத்தம் எடுக்காமலே இரத்தத்தைப் படிக்கும் கருவியும் ஒன்று உண்டு. விரலில் கவ்வும் பல்ஸ் ஆக்சிமீட்டர்! ஜப்பானிய பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் இதன் தத்துவத்தைக் கண்டறிந்தார். பிராணவாயு ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் சிவப்பு ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வேறுபாட்டை நாடித் துடிப்பைக் கொண்டு அளந்து, இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பிராணவாயு நிறைந்திருக்கிறது என்று இது சொல்கிறது. நலமான குழந்தைக்குப் பொதுவாக 95க்கு மேல் இருக்கும். 90க்குக் கீழே போனால் உடனே பிராணவாயு கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்றும் அண்மைக் காலத்தில் அறிந்திருக்கிறார்கள். ஆகவே 'தொண்ணூற்றொன்று இருக்கிறதே' என்று திருப்தியடைந்து நின்றுவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஏழு நாடுகளில் 2011 முதல் 2014 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நமது அண்டை நாடான வங்காளதேசமும், தாய்லாந்தும், ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளும் அதில் பங்கேற்றன. கடும் நிமோனியாவுடன் வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தனர். பாக்டீரியா என்று உறுதியான குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு சி.ஆர்.பி. 40 அல்லது அதற்கு மேல் இருந்தது. ஆர்.எஸ்.வி. வைரஸ் தாக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மட்டுமே அப்படி இருந்தது.

கேட்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வார்டில் 100 குழந்தைகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டோம். அவர்களில் 20 பேருக்குப் பாக்டீரியா, 80 பேருக்கு ஆர்.எஸ்.வி. பாக்டீரியா உள்ள 20 பேரில் 77 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 15 பேர். வைரஸ் உள்ள 80 பேரில் 17 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 14 பேர். ஆக, எண் உயர்ந்திருப்பவர்கள் 29 பேர். அவர்களில் பாதிப் பேருக்குப் பாக்டீரியாவே இல்லை! அதுமட்டுமா? எண் குறைவு என்று விடப்பட்டவர்களில் 5 பேருக்குப் பாக்டீரியா இருக்கிறது. அந்த ஐவரில் ஒருவன் நம் தோழியின் தம்பியாக இருந்தால்?

இதனால்தான் 2011இல் அமெரிக்கக் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறை, இந்த எண்களை மட்டும் வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று தீர்மானிக்கக் கூடாது என்று கூறியது. கடுமையாக நோயுற்ற குழந்தையிடம் மற்ற அறிகுறிகளுடன் சேர்த்துப் பார்க்கலாம். மருந்துக்கு நோய் கட்டுப்படுகிறதா என்று கண்காணிக்கலாம் என்றது.

எண் பெரிதானால் ஆபத்தும் பெரிதா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தோழியின் அம்மாவை அழவைத்தது இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், நிமோனியா என்ற ஐயத்துடன் வந்த 477 குழந்தைகளை ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளை அணுக்கள், நியூட்ரோஃபில், சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் ஆகிய நான்கையும் அளந்து, எந்தக் குழந்தைக்கு நோய் இலேசாக முடிந்தது, எந்தக் குழந்தைக்குக் கடுமையானது என்று ஒப்பிட்டனர். கிடைத்த விடை பலருக்கு வியப்பாக இருந்தது. இலேசான நோயையும் கடுமையான நோயையும் பிரித்துக் காட்ட இந்த நான்கும் பொதுவாகப் பயன்படவில்லை. மிக மிகக் கடுமையான நிலைக்குச் செல்வோரை அறிய மட்டும் சி.ஆர்.பி.யும் புரோகால்சிடோனினும் ஓரளவு உதவலாம் என்று கண்டனர்.

இது ஏன் என்று நாங்கள் கேட்டோம். மருத்துவர் கூறிய விளக்கம் எளிமையானது. சி.ஆர்.பி. என்பது உடல் எவ்வளவு உரக்கக் குரலெழுப்புகிறது என்பதன் அளவு. நுரையீரலில் எவ்வளவு இடம் பழுதாகியிருக்கிறது என்பதன் அளவன்று. நன்றாக வளர்ந்த ஐந்து வயதுச் சிறுமிக்குப் பாக்டீரியா நிமோனியா வந்து சி.ஆர்.பி. 150 ஏறலாம், மருந்து கொடுத்தவுடன் மூன்றாம் நாள் ஓடி விளையாடுவாள். இரண்டு மாதக் குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. வந்து சி.ஆர்.பி. 12 மட்டும் இருக்கலாம். ஆனால் சின்னஞ்சிறு மூச்சுக் குழாய்கள் அடைபட்டு உயிருக்குப் போராடும். வயது, எடை, ஊட்டம், பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டா என்பது, எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்பது — இத்தனையும் சேர்ந்தே நோயின் கடுமையைத் தீர்மானிக்கின்றன.

அறிஞர்கள் சும்மா இருந்துவிடவில்லை. இரத்த நாளங்களை விரியச் செய்யும் அட்ரினோமெடுலின் என்ற ஹார்மோனின் மூலப்பொருளை அதே சின்சினாட்டி குழுவினர் ஆராய்ந்து, அது நோயின் கடுமையுடன் ஒத்து ஏறுவதை 2021இல் தெரிவித்தனர். இரத்த நாளச் சுவர் பாதிக்கப்படும்போது வெளிப்படும் வேறு சில பொருள்களை ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்து வருகிறார்கள். ஒரு துளி இரத்தத்தில் உடனடியாக விடை தரும் சோதனைத் தாள் ஒன்று என்றேனும் கிராமத்துச் சுகாதார நிலையத்திற்கு வந்து சேரும் என்று நம்புகிறோம். எங்களில் யாராவது அதைச் செய்யக் கூடாதா என்றும் ஆசைப்படுகிறோம்.

அப்படியானால் இன்று சி.ஆர்.பி.யால் பயனே இல்லையா? உண்டு. ஒரே ஓர் எண்ணைவிட எண்களின் போக்கு அதிகம் பேசும். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் எண் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது எனலாம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், நெஞ்சில் சீழ் கோத்திருக்கிறதா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் விழித்துக்கொள்வார். 1930இல் டில்லெட்டும் பிரான்சிசும் கண்டது இதைத்தானே? நோய் தணிந்தால் அது மறையும்!

மூச்சை எண்ணுங்கள்

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்ததைச் சொல்கிறோம். சோதனைத் தாள் நன்றாக இருக்கிறது என்று வீட்டார் நம்பியிருந்தனர். இரவு எட்டு மணிக்குத் தம்பியை மடியில் வைத்திருந்த எங்கள் தோழி, அவன் பால் குடிக்க முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவதையும் கண்டாள். இளம் செஞ்சிலுவை வகுப்பில் கற்றது நினைவுக்கு வந்தது. சட்டையை உயர்த்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினாள். 64. ஒருவேளை தவறாக எண்ணிவிட்டோமோ என்று மீண்டும் எண்ணினாள். 66. "அம்மா, தாள் என்ன சொன்னாலும் சரி, இப்போதே போக வேண்டும்" என்று அழுதாள். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே விரலில் கருவியை மாட்டியபோது காட்டிய எண் 87. உடனே பிராணவாயு கொடுத்தார்கள். ஊசி மருந்தும் தொடங்கினார்கள்.

இந்த எண்ணும் முறை பெரிய ஆராய்ச்சியில் பிறந்ததுதான். 1980களில் பப்புவா நியூ கினி நாட்டின் மலைப்பகுதியிலுள்ள கொரோகாவில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவரும் அவர்தம் தோழர்களும், எக்ஸ்ரேயும் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்திலும் மூச்சின் வேகத்தையும் நெஞ்சு குழிவதையும் கொண்டே நிமோனியாவை அறியலாம் என்று காட்டினர். உலக சுகாதார நிறுவனம் அம்முறையை உலகெங்கும் பரப்பியது. வாசகர்கள் கீழ்வரும் எண்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை: நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு இந்த வேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக் கூடாது. அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழு நிமிடம் எண்ண வேண்டும். பால் அல்லது தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, உதடு நீலம் பாய்தல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு வேகமோ நெஞ்சு குழிவதோ ஒன்றே போதும், ஆபத்துதான்.

வருமுன் காப்போம்

நியூமோகாக்கஸுக்கும் ஹீமோஃபிலஸுக்கும் தடுப்பூசி உண்டு. ஹீமோஃபிலஸ் 'பி' தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் இந்திய நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தல், அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் குழந்தையருகே வராமல் காத்தல், கைகளைச் சோப்பால் கழுவுதல் ஆகியவையும் காக்கும். மற்றொன்றையும் மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கிவிடும். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் இதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியது பேத்திகளாகிய நமது கடமை. அவ்வாறே, மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் தவறு. வைரஸை அது கொல்லாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைத்தான் அது வளர்க்கும்.

முடிவாக

மாணவியராகிய எங்களுக்கு எண்களின் அருமையும் தெரியும், குறையும் தெரியும். ஒரு மாதத் தேர்வில் ஒரு பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒரு மாணவியை எடைபோட்டுவிட முடியுமா? ஆசிரியை அவள் முகத்தையும் பார்க்கிறார்; சென்ற மாத மதிப்பெண்ணையும் பார்க்கிறார்; அன்று அவளுக்குக் காய்ச்சலா என்றும் கேட்கிறார். நல்ல மருத்துவரும் அப்படித்தான். இரத்தம் சொல்லும் சேதியைக் கேட்கிறார். ஆனால் குழந்தையை முதலில் பார்க்கிறார்.

தோழியின் தம்பிக்கு வியாழக்கிழமை மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். 92 ஆக இருந்தது 35 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் அந்தத் தாள் வரும் முன்னரே அவன் அம்மாவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அன்று காலை அவன் மூச்சு நிமிடத்திற்கு 44 ஆக இருந்தது. பசித்து அழுதான். வயிறு நிறையப் பால் குடித்தான். அடுத்த திங்கட்கிழமை வீட்டிற்கு வந்துவிட்டான். இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். அக்காவின் புத்தகப் பையைத் திறந்து எங்கள் கணக்கு நோட்டைக் கிழிப்பதுதான் அவனுடைய பெரிய வேலை.

எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். அந்த வாரம் முடிவதற்குள் நாற்பத்திரண்டு பேரும் ஒரு நிமிட மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டோம். இதற்கு ஊசி வேண்டாம், பணம் வேண்டாம். நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும், குழந்தையின்மீது கவனம் நிறைந்த இரண்டு கண்களும் போதும். இதைப் படித்து முடித்தவுடன், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தூங்கும் ஒரு குழந்தையின் அருகில் அமர்ந்து நீங்களும் ஒருமுறை எண்ணிப் பழகுங்கள்.